இரண்டு முறை மின்னிய விளக்கு

முசியே வொக்லேர் கார் சாவிக்குக் கையை நீட்டியபோது ஒயின் வாடை முன்னால் வந்தது. குரல் பின்னால் வந்தது.

கடற்கரை ஓட்டல் வாசலில் விருந்தாளிகளின் கார்களை எடுத்துக் கொடுக்கும் லெயோன்ஸ் தயங்கினான். "டாக்ஸி கூப்பிடட்டுங்களா, முசியே?"

"சாப்பாட்டோட ஒரு பாட்டில் குடிச்சவனெல்லாம் டாக்ஸி பிடிச்சா, இந்த நாட்டுல ரோடே காலியா கெடக்கும்ப்பா! மலையூர்ல சுருட்டு வாங்கிட்டு இதோ வந்துடறேன்."

கைகுலுக்கினார். உள்ளங்கைக்குள் மடித்த நோட்டு. பார்க்காமல் பைக்குள் விடுவதுதான் வாசல் மரியாதை. விட்டான்.

மலைச்சாலையை நினைத்து நெஞ்சு ஒருகணம் உறுத்தியது. மூன்றேகாலுக்கு அவன் மனைவி சொலேன் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பாள். ஆனால் அவள் வருவது திராட்சைத் தோட்டத்து ஒற்றைப் பாதையில். "பெரிய ரோட்டுல குடிகாரனுங்க" என்று அவளை அங்கே திருப்பிவிட்டதே அவன்தான்.

சாவி கைமாறியது.

"டிப்ஸ் ஐம்பதுக்குக் கொறையாது. முகத்துல எழுதியிருக்கு!" என்று கண்ணடித்தான் கூட வேலைபார்க்கும் ரெமி.

மூன்று மணிக்கு வேலை முடிந்து லெயோன்ஸ் வீட்டுக்குக் கிளம்பினான். மலை வளைவில் போலீஸ், ஊதிப் பார்க்கும் குழாயோடு. அவனை நிறுத்தவில்லை. சற்றுத் தள்ளி எதிரே ஒரு கார் வந்தது. விரல் தானாக அசைந்தது. முன்விளக்கு இரண்டு முறை மின்னியது. முன்னால் போலீஸ், ஜாக்கிரதை! முகம் தெரியாதவனுக்கும் இதைச் செய்யாதவன் அந்தச் சாலையில் மனிதனே இல்லை.

கார் வேகம் குறைத்தது. கண்ணாடிக்குள் நன்றியாக ஒரு கை உயர்ந்தது.

வொக்லேரின் கை.

பின்கண்ணாடியில் பார்த்தான். கறுப்புக் கார் தோட்டப் பாதையில் திரும்பி மறைந்தது.

மணி மூன்று பதினாறு.

ஹாரனை அழுத்தியபடியே வண்டியைத் திருப்பிப் பறந்தான். பாதையில் முதலில் தெரிந்தது கொடிகளுக்குள் மூக்கை நுழைத்திருந்த கறுப்புக் கார். பிறகு சைக்கிள். பிறகு சொலேன். மடியில் அள்ளினான், மூச்சில்லை. முகத்து ரத்தம் துடைக்கத் துணி தேடிப் பைக்குள் கைவிட்டான். நோட்டுதான் வந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த போலீஸ்காரர் வொக்லேரை உலுக்கினார். "இந்த சந்துக்குள்ள ஏன்யா வந்தே?"

"யாரோ... எதிர்ல விளக்கு அடிச்சான். நல்ல மனுஷன்..."

"எவன் அவன்?"

"நான்தான்," என்றான் லெயோன்ஸ், தலை நிமிராமல். "சாவியக் குடுத்ததும் நான்தான்."