பின்வாசலில் நின்றவர்

அந்தி நேரம். ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்த ஓலைப் பந்தலுக்கு ஒரே வாசல். அதைக் கண்டதும் சுந்தரதாஸ் பின்பக்கம் விரைந்தார்.

பந்தல்களையும் கொட்டகைகளையும் பார்த்து, தீ பயமில்லை என்று சான்று கொடுக்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் அவர். காலையில் பார்த்தபோது பின்னால் அகலமான வழி இருந்தது. இப்போது தட்டி வைத்துக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். காய்ந்த ஓலைக்கு ஒரு முழம் கீழே பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறின. பெண்களும் பிள்ளைகளும் தட்டியை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையருகே நின்ற பரமசிவனிடம் ஓடினார். மலையாள சர்க்காரின் கீழ் இருந்த பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று கூட்டம் கூட்டியவர் பரமசிவன்தான்.

"பின்னால எதுக்கு அடச்சிய?"

"போன கூட்டத்துல போலீசு அதுவழியாக்கும் கேறி அடிச்சது."

"தீ பிடிச்சா எதுவழியா ஓடுவிய?"

"கூட்டத்தக் கலைக்க உம்ம சர்க்காரு சொல்லி விட்டிருக்கு. தமிழனாட்டு பிறந்தும் வெக்கமில்லியா ஓய்?"

"ஒரு குடம் தண்ணி கொண்டா மக்கா, சாருக்கு உள்ளுலதான் தீ பிடிச்சிருக்கு!" என்றான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சான்றை ரத்து செய்தால் போலீசுக்கு அதுவே சாக்கு, தடியடி நடக்கும். பேசாமல் போனால், ஒரு விளக்கு விழுந்தால் போதும். சுந்தரதாஸ் தட்டியைக் காட்டினார்.

"கயித்த அவுரும். அந்த வாசல்ல நான் நிக்கேன். போலீசு வந்தா முதல் அடி எனக்காக்கும்."

பரமசிவன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அறுத்துத் தட்டியை விலக்கினார்.

சற்று நேரத்தில் ஜீப் ஒன்று வந்து அந்த வழியை அடைத்து நின்றது. தடிகளோடு போலீசார் குதித்தார்கள்.

"வண்டியை மாற்றணும். ஆட்கள் வெளியேறுகிற வழி இது," என்றார் சுந்தரதாஸ் மலையாளத்தில்.

"மாறடோ!" ஏட்டு தடியால் அவர் நெஞ்சைத் தள்ளினார்.

அவர் நகரவில்லை. போலீசைக் கண்டு உள்ளே யாரோ அலற, கூட்டம் முன்வாசலை நோக்கிப் புரண்டது. கம்பம் ஆடியது. விளக்கு ஒன்று ஓலையை உரசி ஊசலாடியது. பரமசிவன் பாய்ந்து அதைத் தாங்கிப் பிடித்தார்.

ஏட்டு அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஜீப்பை எடுக்கடா!"

வழி திறந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வயலில் இறங்கினார்கள்.

"இன்ஸ்பெக்டரே, மத்த வெளக்கையும் எறக்கட்டா?" என்று உள்ளிருந்து கத்தினார் பரமசிவன்.

"எறக்கும்! வேகம்!"

"பேரும் ஆபீசும் சொல்லு," என்றார் ஏட்டு. "நாளைக்கு உனக்கு வேலை இருக்காது."

சுந்தரதாஸ் சொன்னார். ஆனால் ஏட்டின் பக்கம் திரும்பவில்லை. பந்தலுக்குள் இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.