ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்து மணல்

கடலை வறுக்க மணல் இல்லை என்று என் மனைவி முத்துமாரியம்மாள் வந்து சொன்னபோது காலை மணி பத்து. மாப்பிள்ளை வீட்டார் சிவகாசியிலிருந்து மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் செவக்காட்டுக் கடலையை ஆற்றுமணலில் வறுத்துக் கொடுப்பது என் தகப்பனார் காலத்திலிருந்து நடந்து வருகிறது. மிக்சரும் லட்டும் கடையில் கிடைக்கும். தோல் கருகாமல் உள்ளே பருப்பு மட்டும் சிவக்கிற கடலை மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டில்தான் கிடைக்கும். அந்த வருடம், 2006 தை மாதம், ஆற்றில் யாரும் மணல் அள்ளக் கூடாது என்று காவல் போட்டிருந்தார்கள். வீட்டில் வைத்திருந்ததைக் கொத்தனார் பூச்சு வேலைக்குக் கலந்துவிட்டிருந்தான்.

அப்போதுதான் மாடி அறையில் என் மகள் அருணாதேவி காயப் போட்டிருந்த மணல் நினைவுக்கு வந்தது.

அருணா சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாறைக்கும் மணலுக்கும் வயது பார்க்கிற படிப்பு. இராமநாதபுரம் பக்கம் பூமிக்குள்ளே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறதாம். நிலம் பிளந்து இறங்கி, மேற்கே இருந்து வந்த மணல் கோடிக்கணக்கான வருடங்களாக அதில் நிரம்பியதாம். எப்போது இறங்கியது, எப்போது மறுபடி மேலே எழும்பியது என்பதை மணலே சொல்லும் என்பாள். எனக்குப் பாதிதான் புரியும். அவள் கல்மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு கல்யாண வீட்டில் பங்காளி ஒருவன், “கல்லுக்கு வயசு பாத்து, அதுக்கே கட்டிக் குடுக்கப் போறீகளோ?” என்று கேட்ட நாளிலிருந்து அவன் வாசலை நான் மிதிக்கவில்லை.

அன்று அவள் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க விருதுநகர் போயிருந்தாள். மாடி அறையில் நிழலில், வேட்டி விரித்த மாதிரி வெள்ளைத் துணியில் பரத்தி இருந்தது மணல். ரவையைப் போல ஒரே சீரான மணி. தூசி இல்லை, சிப்பி இல்லை. இரண்டு படி தேறும். பக்கத்தில் காலியான துணிப்பை, அதன் கழுத்தில் ஏதோ எண் எழுதிய அட்டை. துணியோடு சேர்த்துச் சுருட்டி நானே கீழே கொண்டுவந்தேன்.

அடுப்படியில் சின்னத்தாய் இருந்தாள். அவள் குடும்பம் இரண்டு தலைமுறையாக எங்கள் கடலைக்காட்டில் வேலை செய்தது. இப்போது எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேனில் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டால்தான் வருவாள். மணலில் வறுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

“அய்யா, இது பாப்பாவோட மணலுல்லா?”

“ஆமா. அதுக்கென்ன?”

“மாடி கூட்டையில பாத்தேனே, சீட்டுக் கட்டி வச்சிருந்த பையில உள்ளதுதான? எங்க கம்பெனில சீட்டுக் கட்டுன பைய போர்மேனக் கேக்காம ஒருத்தரும் தொட மாட்டோம். வெடியுப்புன்னு நெனச்சு வேற எதையாச்சும் எடுத்துட்டா, பெறகு ஆளே இருக்காது. பாப்பா வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்.”

“ஏ சின்னத்தாயி, இது மணலு. மருந்து இல்ல. என் வீட்டு மாடியில கெடக்குற மணலுக்கு நான் யாரைக் கேக்கணும்? வறுத்துட்டுத் திருப்பி அங்கனயே கொட்டிட்டாப் போச்சு.”

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பை மூட்டினாள். ஒன்றரை மணி நேரம் வறுத்தாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் சுந்தரபாண்டி, அவர் மனைவி பொன்னுத்தங்கம், பையன் அருள்பாண்டி. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் வைத்திருக்கிறார்கள். காலண்டர் சீசன் முடிந்ததால்தான் பையனுக்கு ஓய்வு கிடைத்ததாம். சுந்தரபாண்டி ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டார். இரண்டாவதை உடைக்காமல் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இதுக்காகவே சம்பந்தம் பண்ணலாம் போலுக்கே.”

“நம்ம வீட்ல எதையும் ஏனோதானோன்னு செய்யிறதில்ல. ஒரு துரும்பு அசையணும்னாலும் என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுத்தான் அசையும்” என்றேன்.

அருணா காப்பித் தட்டோடு வந்தாள். விருதுநகரிலிருந்து திரும்பியவளை மாடிக்குப் போகவிடாமல் அவள் அம்மா நேரே உடைமாற்ற அனுப்பியிருந்தாள். தட்டை வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒரு கடலைத் தோட்டில் ஒட்டியிருந்த மணலை நகத்தால் எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

“இது எந்த மணலும்மா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அருணா விறுவிறுவென்று மாடி ஏறினாள். இறங்கும்போது கையில் காலிப் பை இருந்தது. பட்டுச்சேலையும் துணிப்பையுமாக நடுக்கூடத்தில் நின்றாள்.

“ரெண்டு வருசம் லெட்டர் போட்டு வாங்குனது. எண்ணெய்க் கம்பெனிக்காரங்க ஆயிரத்து நானூறு மீட்டர் ஆளத்துல இருந்து எடுத்த பாறை. நானே இடிச்சுச் சலிச்சேன். அத அடுப்புல போட்டு வறுத்திருக்கீக.” குரல் உடைந்தது. “சூடு பட்டா அதுல உள்ள கணக்கே அழிஞ்சு போகும். இனி எத வச்சு என் ஆராய்ச்சிய முடிக்க?”

சுந்தரபாண்டிதான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். அடுப்படி நிலையருகே நின்ற சின்னத்தாயைக் காட்டி, “விடும்மா. வேலைக்கு வந்த பொம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? மணலுன்னு நெனச்சு எடுத்திருப்பா” என்றார்.

சின்னத்தாய் முந்தானையைச் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் ஒன்றுமே சொல்லாமல் காப்பியை எடுத்துக் குடித்திருக்கலாம். பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். துரும்பு அசையாத வீடு என்று கால் மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன வாய் என்னுடையது. வந்தவர்கள் முன்னால் அந்த வார்த்தை நிற்க வேண்டுமென்றால் பழி அந்த நிலையருகே நிற்பவளிடம் போய்ச் சேர வேண்டும். காப்பியைத் தள்ளி வைத்தேன்.

“அவ எடுக்கல” என்றேன். “நான்தான் எடுத்துக் குடுத்தேன். கேட்டுட்டுச் செய்வோம்னு சொன்னா. நான் கேக்கல.”

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். பொன்னுத்தங்கம் அம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. பையன் எழுந்தான்.

“அந்த மணலு இப்ப எங்கன இருக்கு?”

கொல்லையில் சட்டியோடு இருந்தது. அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அச்சகத்துக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன லென்ஸைப் பையன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்துக் கண்ணருகே கொண்டுபோனான்.

“ரோஸ் கலர்ல ஒண்ணு மின்னுதே, அது என்னங்க?”

அருணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “சிர்க்கான்ங்கிற கல்லுத் துணுக்கா இருக்கும்.”

“அதுவும் கெட்டுப் போச்சா?”

“அத அசைக்க எங்கப்பா அடுப்பு பத்தாது. எந்த மலையில இருந்து உடைஞ்சு வந்துச்சு, அதுக்கு என்ன வயசுன்னு இன்னமும் சொல்லும். போனது அப்படைட்டுங்கிற இன்னொரு கல்லு. அதுக்குள்ள ஊசிக் கீறல் மாதிரி கோடு விளும். வருசம் ஏற ஏறக் கோடும் கூடும். பூமிக்குள்ள சூட்டுல கெடந்தா அழியும், மேல வந்து குளுந்தா மறுபடி விளும். அத எண்ணித்தான் அந்தப் பள்ளம் எப்ப இறங்குச்சு, எப்ப ஏறுச்சுன்னு கண்டுபிடிக்கணும். இப்ப எண்ணுனா எங்க வீட்டு அடுப்புச் சூட்டத்தான் சொல்லும்.”

சுந்தரபாண்டி சத்தமாகச் சிரித்தார். “கோடி வருசத்து மணல்ல வறுத்த கடலையா! அதான் இம்புட்டு ருசி. இன்னுங் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி.”

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அருணா சிரிக்கவில்லை. அந்தப் பாறையில் இன்னொரு துண்டு கம்பெனியில் இருக்கிறதாம். முதல் துண்டு எப்படி வீணானது என்று காரணம் எழுதிக் கேட்டால் தரலாம், தராமலும் போகலாம்.

“காரணத்த நான் எளுத மாட்டேன். வறுத்தவுக எளுதட்டும்” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் படியில் உட்கார்ந்தாள்.

நான் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக் கூடத்து மேசைக்கு வந்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரைக்கும் சுலபம். ‘எதிர்பாராத இல்லச் சூழ்நிலையின் காரணமாக’ என்று எழுதிப் பார்த்தேன். அடித்தேன். ‘கடலை வறுப்பதற்காக நானே எடுத்து’ என்று எழுதினேன். கொல்லைப் பக்கம் பையன் ஏதோ கேட்க, அருணா பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பதில் முடிகிறபாடாக இல்லை.

சின்னத்தாய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“நாஞ் சொன்னேங்கிறதையும் எளுதுனீகளா அய்யா?”

“எளுதுதேன். உன் இனிஷியல் என்ன?”

அவளை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். இதைக் கேட்டதில்லை.

“ஊர்க்காவலன் மகளுன்னு தெரியாதாக்கும்? ஊ போடுங்க.”

‘ஊ. சின்னத்தாய் என்பவர் எச்சரித்தும் கேளாமல்’ என்று எழுதினேன். அவள் கிட்டே வந்து தாளின் ஓரத்தை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தன் பேரைப் படித்தாள். பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி, எத்தனை கழுவியும் போகாதது, அவள் நகக்கண்ணில் மினுங்கியது.