சண்டை இல்லாத சந்தை

பூர்தேர் சந்தையில் சண்டை பெருகிவிட்டது என்று தலைநகர் மொகதிஷுவிலுள்ள திட்ட அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடிக்கக் கணக்குக் கொடுத்தவளே தெக்காதான். ஊரை நிமிர்த்தும் திட்டத்தில் சந்தைத் தகராறுகளை வாராவாரம் எண்ணி அனுப்புவது அவள் வேலை. ஊரைப் பிடித்துவைத்திருந்த துப்பாக்கிக்காரர்கள் ஓடிய புதிதில் கணக்கு பூஜ்யம். பிறகு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நிலைமை மோசம் என்று வரைபடத்தில் ஊருக்குச் சிவப்பு அடித்துவிட்டார்கள்.

"சண்டை போடத் தைரியம் வந்திருக்குன்னு அர்த்தம்" என்று தொலைபேசியில் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாள். படிவத்தில் தைரியத்துக்குக் கட்டம் இல்லையாம்.

சந்தைக் கூரைக்கு நட்ட தூண்கள் தகரம் இல்லாமல் மொட்டையாக நின்றன. கீழே அவள் அத்தை வர்சன் ஒட்டகப்பால் குடங்களோடு வெயிலில் வெந்துகொண்டிருந்தாள். அலுவலகத்து மேற்பார்வையாளர் ரோப்ளே நேரில் வந்து சரி என்றால் தகரம் வரும். இல்லாவிட்டால் திட்டமே மூட்டை கட்டும்.

சந்தைத் தலைவர் கீடிக்குச் சின்ன வயதில் கழுதை கடித்து ஒரு காது போனது. ஊரே அவரை ஒத்தக்காது என்றுதான் கூப்பிடும். அவர்தான் உத்தரவு போட்டார்.

"நாளைக்கு அவர் போற வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. பேரம் கிடையாது, பட்டப்பேர் கிடையாது. வர்சன், உன்னைத்தான் சொல்றேன்!"

மறுநாள் ரோப்ளே வண்டியை விட்டு இறங்கினார். நெட்டையான ஆள், கழுத்து அதைவிட நெட்டை. சந்தை கப்சிப். சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். மருதாணிக் கூடைக்குள் ஓர் ஆடு தலையை விட்டு மென்றது. கூடைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள். கீடி பெருமையில் பூரித்தார்.

ரோப்ளேவின் முகம் வெளிறியது. தெக்காவை ஓரமாக இழுத்தார்.

"யார் வந்திருக்காங்க? எங்க ஒளிஞ்சிருக்காங்க?"

"யாருமில்ல அண்ணே."

"மறைக்காத தங்கச்சி. துப்பாக்கிக்காரனுங்க இருந்தப்ப எங்க ஊர்ச் சந்தையும் இப்படித்தான் இருந்துச்சு. எல்லாரும் மரியாதை, எல்லாரும் சிரிப்பு." ஓட்டுநரிடம் கத்தினார்: "வண்டிய எடு!"

ஐயோ, எல்லாம் போயிற்று. தெக்காவுக்கு அழுகை முட்டியது. அழாமல் அத்தை பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"அத்தை! நேத்து நீ குடுத்த பால்ல பாதி கிணத்துத் தண்ணி!"

காலையிலிருந்து அடக்கிவைத்தது உடைந்தது. "என்னடி சொன்ன? என் ஒட்டகம் மழைத்தண்ணியக் கூட மோந்துதான் குடிக்கும்! உன் மாவுதான் புளிக்காத மாவு, உன் கைல சுட்ட கஞ்சேரோ தோசைய நாய்கூடத் திங்காது!"

"என் மருதாணிக்கு யார் பதில் சொல்றது?" என்று கூடைக்காரி ஆட்டுக்காரனைத் துரத்தினாள்.

"அமைதி! அமைதி!" என்று கீடி கையை விரித்தார்.

"சும்மா இரு ஒத்தக்காதா! பாதிச் சண்டைதான் காதுல விழுது, அதுக்குள்ள பஞ்சாயத்தா?" என்று பாய்ந்தாள் வர்சன்.

சந்தையே வெடித்தது. பேரம், ஏச்சு, சிரிப்பு. வண்டியின் கதவில் ஒரு கையை வைத்தபடி ரோப்ளே நின்றார். மெல்ல அவர் தோள் இறங்கியது. பிறகு அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இன்ஜினை அணைப்பா. தங்கச்சி, இதையா வாராவாரம் எண்ணி அனுப்பின?"

"ஆமாண்ணே."

"சிவப்பு அடிச்சவன் நான்தான்" என்றார் வெட்கத்தோடு. "சரி, நல்ல சண்டை எது, கெட்ட சண்டை எதுன்னு எப்படி அளக்கிறது?"

தெக்கா யோசிப்பதற்குள் வர்சன் குறுக்கே விழுந்தாள். "அளக்க என்ன இருக்கு? கத்தினவளுங்க நாளைக்குப் பக்கத்துல பக்கத்துல உக்கார்றாளுகளான்னு பாரு. இவ இன்னிக்கு மத்தியானச் சோறு என் வீட்டுலதான் திம்பா, கழுத!"

அந்தக் கேள்வியைத்தான் ரோப்ளே புதுக் கட்டமாகச் சேர்த்தார்.

தகர லாரி வந்த அன்று, இறக்குவதற்கு முன்பே முதல் நிழல் யாருக்கு என்று சந்தை இரண்டாகப் பிரிந்து கத்தியது. பார்க்க வந்த ரோப்ளே சமாதானம் பேசப் போனார்.

"ஏய் நெட்டக்கழுத்தா, குனி! கூரைய இடிச்சுடப் போற!" என்றாள் வர்சன்.

பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. ரோப்ளேவின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அந்த வாரம் தெக்கா அனுப்பிய சண்டைக் கணக்கு இதுவரை இல்லாத உச்சம். வரைபடத்தில் பூர்தேர் பச்சையானது.