நோன்புக் கஞ்சியும் சிரிஞ்சும்

பத்து மில்லி சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, நுனியை விரலால் மூடிக் கஞ்சியை ஊற்ற வேண்டும். விரலை எடுத்துப் பத்து எண்ண வேண்டும். முக்கால்வாசி உள்ளேயே நின்றால் அவருக்குக் கொடுக்கலாம். ஒழுகிவிட்டால் கூடாது.

புதுச்சேரி டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. என் கணவர் முஜீப் மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து, தண்ணியாக எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடுகிறது. போன மாதம் ஒரு தடவை போய், பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை தாங்காது என்றார்கள்.

அன்றிலிருந்து டீ, மோர், நன்னாரி சர்பத், தேன் என்று வீட்டில் ஒன்றையும் விடாமல் சிரிஞ்சில் ஊற்றிப் பார்த்தேன். தேன் நின்றது. கெட்டி என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய மோர், மூன்று எண்ணுவதற்குள் ஓடிவிட்டது. கண்ணை நம்பக் கூடாது என்று புரிந்தது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் கச்சிதமாக நின்றது.

மாமியார் பாத்திமுத்து மக்காவுக்கு உம்ரா போய்வந்தபோது ஒரு கேன் புனித ஜம்ஜம் தண்ணீர் கொண்டுவந்தார். மகனுக்கு ஒரு மடக்காவது கொடுக்க வேண்டுமாம். ஜம்ஜம் யாரையும் கொல்லாது என்றார். அது சிரிஞ்சுக்குத் தெரியாது மாமி என்று சொல்லிக் கேனைப் பரணில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்தில் கஞ்சியைச் சோதித்து, ஊட்டச் சொல்லிக் கிண்ணத்தை மாமி கையில் கொடுத்துவிட்டுத் தொழப் போனேன். தொழுகை முடிந்து சலாம் கொடுத்துத் திரும்பினால் என் கணவர் மூச்சுக்குத் திணறுகிறார். உதடெல்லாம் நீலம்.

இப்போது ஐசியூவில் கிடக்கிறார். யாரும் எந்த உறுதியும் சொல்லவில்லை. கொழுந்தனைக் காவலுக்கு வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். கட்டிலடியில் அதே கிண்ணம். மிச்சத்தைச் சிரிஞ்சில் ஊற்றினேன். மொத்தமும் ஒழுகிப்போனது.

முசல்லா விரிப்பில் உட்கார்ந்திருந்த மாமியின் முன்னால் போய் நின்றேன்.

"ஜம்ஜம் ஊத்துனீங்களா மாமி?"

"அல்லா மேல ஆணையா ஒரு சொட்டு ஊத்தலமா. அவன் கிண்ணத்துலயேதான் நோன்பு தொறந்தேன். அதே ஸ்பூன்ல நான் ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். சின்னதுலேர்ந்து அவனுக்கு அப்படித்தான்."

பரணில் கேன் சீல் உடையாமல் இருந்தது. ஃப்ரிட்ஜில் நேற்று வடிகட்டிய கஞ்சி மிச்சம் இருந்தது. சூடாக்கி இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றைச் சுத்தமான ஸ்பூனால் கலக்கினேன். இன்னொரு ஸ்பூனை என் வாயில் வைத்து எடுத்து மற்றதைக் கலக்கினேன், மாமி செய்த மாதிரியே திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் சிரிஞ்சில் ஊற்றினேன். முதலாவது நின்றது. இரண்டாவது தண்ணீராய் ஓடியது.

எச்சில் பட்டால் கஞ்சி நீர்த்துப்போகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே கிண்ணத்தில் தாயும் பிள்ளையும் சாப்பிடுவதை யார் சந்தேகப்படுவார்கள்?

மாமி அடுக்களை வாசலில் வந்து நின்றார். என்ன தெரிந்தது என்று கேட்டார். இரண்டு டம்ளரையும் தொட்டியில் கொட்டினேன்.

"கஞ்சிதான் சரியில்ல மாமி. நான் ஒழுங்கா பாக்காம குடுத்துட்டேன்."

ஓங்கி ஒரு அறை விட்டார். உன்னை நம்பித்தானே பிள்ளையை விட்டேன் என்று கதறினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, துணிப்பையை எடுங்கள் மாமி என்றேன்.