ஒன்பது பாட்டிலும் ஒரே அளவு

என் அக்காவைப் பாட்டிலிருந்து நிறுத்தியவன் நான்தான். ஏழு மாதம் ஆகிறது. "தாளத்துல பிந்துறக்கா. வயசாச்சுல்ல, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றேன். ரொம்பப் பக்குவமாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவள் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சரிடா" என்று மட்டும் சொல்லிப் போனாள். டிவி தொடர்களுக்கு இசையமைப்பது என் தொழில். பதினோரு வருடமாக என் டைட்டில் பாட்டுகளையெல்லாம் பாடியவள் அவள்.

பிந்துகிறாள் என்பதற்கு என் கையில் ஆதாரம் இருந்தது. கடைசி ஒன்பது பாட்டிலும் அவள் குரல் இசைக்கு அறுபத்திரண்டு மில்லி செகண்ட் பின்னால் விழுந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் பாட்டில் அது தூங்கி எழுந்து வந்தவள் பாடுவதுபோல் கேட்கும். நான் யாரிடமும் மூச்சு விடாமல் ஒவ்வொரு பாட்டிலும் அவள் குரலை அறுபத்திரண்டு முன்னால் இழுத்து வைத்தேன். மறக்காமலிருக்க அந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தேன். தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

அக்கா போனபிறகு குரல் தேவைப்பட்ட முதல் பாட்டு இதுதான். இன்று காலை புதுப் பாடகி வந்தாள். இருபத்திரண்டு வயது. மாலை ஐந்து மணிக்குள் டைட்டில் பாட்டை இயக்குநருக்கு அனுப்பியாக வேண்டும். அவள் முதல் வரியைப் பாடியதும் திரையைப் பார்த்தேன். அறுபத்திரண்டு பின்னால். மூன்று தடவை திரும்பப் பாடச் சொன்னேன். மூன்று தடவையும் அறுபத்திரண்டு.

"ஹெட்போன்ல என் குரல் எனக்கே பின்னாடி வருது சார்" என்றாள்.

"ஒரு பக்கத்தைக் காதுலேர்ந்து தள்ளி வச்சுக்கம்மா" என்றேன். சொல்லி வாயை மூடுமுன் உறைத்தது. அக்காவும் இதையேதான் சொன்னாள். நானும் இதையேதான் சொன்னேன்.

பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் பாட்டு இருந்தது, கிளம்பிவிட்டாள். நான் அத்தானுக்குப் போன் போட்டேன். அக்காவின் கணவர், ஒரு ஆபீஸில் நெட்வொர்க் பார்ப்பவர். மனிதர்களிடம் பேசுவதைவிட ஒயர்களிடம் பேசுவது அவருக்குப் பிடிக்கும். ஏழு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

என்னிடம் மூன்று கம்ப்யூட்டர்கள். முதலாவதில் பாட்டு ஓடும், குரலும் அதில்தான் பதிவாகும். இரண்டாவது வயலின்களை வாசிக்கும், மூன்றாவது டிரம்ஸை. மூன்றும் நெட்வொர்க் கேபிள் வழியாக ஒன்றுக்கொன்று சத்தத்தை அனுப்பிக்கொள்ளும். அத்தான் கேபிள்களை மாற்றிப் பார்த்தார். நடுவில் இருந்த சுவிட்ச் பெட்டியையும் மாற்றிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

பிறகு ஹெட்போனை மைக்கின் மேல் கவிழ்த்து வைத்தார். "வெறும் டிக் டிக் மட்டும் விடுங்க. அதை அப்படியே ரெக்கார்ட் பண்ணுங்க."

பண்ணினேன். பாடும் அறையில் ஆளே இல்லை. அறுபத்திரண்டு பின்னால்.

அத்தான் திரையைப் பார்த்தார். "ஹெட்போனுக்கும் வயசாயிடுச்சா மாப்ள?" என்றார்.

அவர் மானிட்டர் ஓரத்துச் சீட்டைப் படித்தார். "மனுஷங்க பிந்தினா ஒரு தடவை நாப்பது வரும், ஒரு தடவை எழுவது வரும். ஒன்பது பாட்டுலயும் ஒரே அளவுன்னா உங்களுக்கு சந்தேகமே வரலியா?"

வரவில்லை. அக்கா எதிலும் ஒழுங்கானவள், பிந்துவதிலும் ஒழுங்காகப் பிந்துகிறாள் என்று நினைத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

"பாடுறவங்க காதுக்கு எந்த மெஷின்லேர்ந்து போகுது?"

"முதல் மெஷின்தான்."

ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் போனார். தலையெல்லாம் தூசியாக வெளியே வந்தார். "ரெண்டாவது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஒன்பது பாட்டுக்குச் சற்று முன்னால், முதல் மெஷினில் ஹெட்போன் செருகும் இடம் ஒருநாள் கெட்டுப்போனது. தற்காலிகமாக இரண்டாவதில் மாட்டினேன். எங்கள் தொழிலில் தற்காலிகம் என்றால் ஆயுசுக்கும். அதே வாரம் வயலின்கள் பொரிவதுபோல் கேட்டன. சத்தம் சேர்ந்து நிதானமாக வரட்டும் என்று இரண்டாவது மெஷினின் காத்திருப்பு நேரத்தை ஏற்றிவிட்டேன். பொரிவது நின்றது, நானும் மறந்துவிட்டேன். இசை அக்காவின் காதுக்கு அறுபத்திரண்டு தாமதமாகப் போனது. கேட்டதற்குச் சரியாகத்தான் அவள் பாடியிருக்கிறாள்.

அத்தான் கெட்ட இடத்தைப் பற்றவைத்து, ஹெட்போனை முதல் மெஷினுக்கே மாற்றினார். டிக் டிக் இம்மி பிசகாமல் விழுந்தது.

"நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க அத்தான்."

"நிறுத்துனது நானா?"

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நான் பிந்தவே இல்லையா?"

"இல்லக்கா. என் தப்புதான்."

பிறகு, "என்ன சுருதின்னு சொல்லு, வரேன்" என்றாள்.

இரண்டு மணிக்கு வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் வரியைப் பாடினாள். நான் திரையைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து முன்னால். அடுத்த வரி எழுபது முன்னால். அதற்கடுத்தது அறுபது.

"எப்படிடா இருக்கு?"

என் கை தானாக மவுஸுக்குப் போனது. கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கையை எடுத்தேன்.

"முன்னாடி போறக்கா."

"போவேன். பிந்துறேன்னு சொன்னேல்ல. ஏழு மாசமா தினம் காலையில மெட்ரோனோம் டிக் டிக்கை வச்சு அதுக்கு முன்னாடி முன்னாடி பாடிப் பழகியிருக்கேன்."

அத்தான் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் வீட்டில் தினமும் கேட்டவர் அவர். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுவதற்கு வெட்கமாகவும் இருந்தது.

"மணி ஆகுது" என்று தணிந்த குரலில் சொன்னார். "பழையபடி ரெண்டாவது மெஷின்லயே மாட்டிரவா? கணக்கு சரியா வந்துடும்."

பாடும் அறைக்குள் கேட்கும்படி பேசும் மைக்கை நான் அணைக்கவில்லை. அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஒண்ணும் மாட்ட வேணாம். டேய், நீயும் எதையும் நகத்தாத. ஒவ்வொரு தடவையும் எவ்ளோ முன்னாடின்னு உள்ளதை மட்டும் சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

பாடினாள். ஐம்பத்தொன்று என்றேன். மறுபடி பாடினாள். நாற்பத்து நான்கு. மறுபடி ஐம்பத்தெட்டு. தண்ணீர் குடித்துவிட்டுப் பாடினாள். முப்பத்தாறு. நான் ஒன்றைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை.

இருபத்தேழு என்று சொல்லி முடித்தபோது மணி ஐந்தேகால். இயக்குநர் போனில் வந்தார். பாட்டு எங்கே என்றார். தாமதமாகும் சார் என்றேன். பாடுகிறவர் யார், அவரால்தான் தாமதமா என்று கேட்டார்.

"எங்க அக்கா பாடுறாங்க சார்" என்றேன். "தாமதம் என்னால."