மேடையில் ஏந்திய முகம்

கீழ்வானில் எழுந்த ஞாயிறு, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளின் தகரக் கூரைகள்மேல் வெள்ளொளியை வார்த்துக்கொண்டிருந்த வேளை அது. இரவு முழுதும் பொறிகளோடு உழன்ற இளைஞர் கண்சிவந்து வாடகை அறைகளுக்குத் திரும்ப, அவர் விட்ட இடத்தை நிரப்பப் புதிய முகங்களைச் சுமந்த பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வாயில்களுள் நுழைந்தன. ஏரி என்ற பெயர் மட்டும் எஞ்சிய பள்ளங்களில் முள்மரம் மண்டிக்கிடக்க, பெங்களூரு நெடுஞ்சாலையோ, புதுச் சீருந்துகளை அடுக்கி ஏற்றிய நெடிய சரக்குந்துகளால் ஓயாது அதிர்ந்தது.

அந்நெடுஞ்சாலையில்தான், ஆறாண்டுகளுக்கு முன், களவு மணல் ஏற்றி விரைந்த வண்டியொன்றைக் கைநீட்டி மறித்த காவலர் யாகப்பன் அதன் உருளைகளின்கீழ் உயிர் துறந்தார். அவர் மனைவி கிளாரா, ஒரு வயது மகளை இடுப்பில் ஏந்தி, முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வந்த அன்றே, கணவன் முகம் தாங்கிய ஒளிப்படங்களையெல்லாம் பெட்டியில் இட்டுப் பூட்டினாள். கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தாள். அம்முகத்தைக் கண்ட நாளில் அவளால் வேலைக்குச் சென்று நிற்க இயலவில்லை. நில்லாவிடில் அடுப்பு எரியாது. இவர்களது காதல் மணத்தை ஏற்காத உறவினர் எவரும் வந்து போவதில்லை ஆதலால், தந்தை எப்படி இருந்தார் என்று சொல்லவும் அச்சிறுமிக்கு ஆளில்லை. மகள் பெனிஷா கேட்கும்போதெல்லாம், "அப்பறம் காட்டுறேன்டி" என்பாள் தாய். அந்த அப்புறம், மழைக்காலத்து ஈரம்போல் காயாமல், ஆறாண்டு நீண்டது.

பணியில் மாய்ந்த படைவீரர், காவலர் ஆகியோரின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அறக்கட்டளை ஒன்று தண்டலத்தை அடுத்த அரங்கில் ஆண்டுவிழா எடுத்தது. பிள்ளைகள் தத்தம் தந்தையின் படத்தை நெஞ்சோடு அணைத்து மேடையில் நிற்பது அவ்விழாவின் வழக்கம். படங்கள் ஒன்றுபோல் விளங்கவேண்டுமென, முன்னரே அவற்றை வாங்கி, ஒரே நீலப் பின்புலமும் ஒரே தொப்பியும் ஒரே சீருடையும் தீட்டி, ஒரே பொன்னிறச் சட்டகத்துள் அமைத்திருந்தனர். கிளாராவும் பெட்டியைத் திறந்து, மணநாள் படமொன்றைக் கொடுத்திருந்தாள்.

"இன்னிக்கு உங்கப்பாவப் பாக்கப்போற" என்றாள், மகளுக்குத் தலைவாரியபடி.

"அவரு என்னப் பாப்பாரா?"

கிளாரா பின்னலை முடித்தாள்.

திரை விலகியபோது இருபது பிள்ளைகள் நின்றனர். சட்டகத்தின் விளிம்பில் மோவாய் ஊன்றி, உள்ளிருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் பெனிஷா. நீரில் விழுந்த விளக்கொளிபோல் அவள் முகம் நடுங்கி மின்னியது. மூன்றாம் வரிசையிலிருந்து நிமிர்ந்து நோக்கினாள் கிளாரா. மகள் ஏந்தியிருந்த முகம் யாகப்பனது அன்று. தடித்த மீசையுடைய எவரோ ஒருவர். யாகப்பனோ, பக்கத்தில் நின்ற பத்து வயதுச் சிறுமியின் கைகளில் இருந்தார்; அச்சிறுமி விம்மி அழுதுகொண்டிருந்தாள்.

"தந்தையை எண்ணிக் கண்ணீர் சொரியும் இச்செல்வியைக் காணுங்கள்" என்று ஒலிபெருக்கி முழங்க, அவையும் உடன் கலங்கியது. கிளாரா எழவில்லை. எழுந்து கூவினால், வாழ்நாளில் அவள் மகள் முகத்தில் முதன்முறை கண்ட அவ்வொளியைத் தன் வாயாலேயே அணைத்தவள் ஆவாள்.

விழா முடிந்து முற்றத்துக்கு வந்ததும், அழுத சிறுமி கனிஷ்காவைக் கைப்பிடித்து அவள் தாய் சந்திரம்மாள் அணுகினாள்.

"ஏம்மா, உம்பொண்ணு வச்சினு கீறது எங்க வூட்டுக்காரரு. மாத்திக் குட்த்துட்டாங்க."

உடன்வந்த தொண்டர் மாரிராஜ் கைகூப்பினார். "எல்லாம் ஒரே மாரி கீதுக்கா. அவசரத்துல மாறிப்போச்சு."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் கனிஷ்கா. "நீங்கதான் அசையாம நில்லுன்னீங்க."

பெனிஷா சட்டகத்தை இறுக அணைத்தாள். "தரமாட்டேன். இவரு எங்கப்பா. நான் பர்ஸ்ட் ரேங்க் வாங்கனது, பல்லு வுழுந்தது, எல்லாத்தியும் சொல்ட்டேன்."

சந்திரம்மாளின் நீட்டிய கை பாதியில் தயங்கியது. ஆயினும் தன் மகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதலால், அச்சிறுவிரல்களை ஒவ்வொன்றாய், மலரின் இதழ் கசங்காது விரிப்பவள்போல் விலக்கிக் கணவனை மீட்டுக்கொண்டாள். வெறுமையான அக்கைகளில், கனிஷ்காவிடமிருந்து வாங்கிய யாகப்பனைக் கிளாரா வைத்தாள்.

பெனிஷா நெடுநேரம் பார்த்தாள். பிறகு, பள்ளியில் ஐயம் கேட்பதுபோல் மெல்லக் கேட்டாள்:

"இவரையும் அப்பான்னு கூப்புடணுமாம்மா?"

நல்லுளம் கொண்டோரே, அவ்வறத்தோர்மேல் குறை காண்பதற்கில்லை. அவ்வாண்டும் பெனிஷாவின் பள்ளிக் கட்டணம் நாள் தவறாது செலுத்தப்பட்டது, புத்தகங்கள் வந்தன, சீருடையும் அளவாகவே இருந்தது. கொடுக்கக்கூடியவற்றையெல்லாம் அவர்கள் கொடுத்தார்கள். துயர் தாளாமல் ஒருத்தி பூட்டிவைத்த ஆறாண்டைத் திறந்து கொடுக்க எந்த ஈகைக்கும் கையில்லை. படம் இப்போது அவர்களது வாடகை அறையின் சுவரில் தொங்குகிறது. காலைதோறும் கிளாரா அதன்கீழ் நின்று காத்திருக்கிறாள். மகள் பையை மாட்டிக்கொண்டு, தாயிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.