அப்பாவின் நடை

"காலைச் சேர்த்து வைடி."

அடுப்பைப் பார்த்தபடியே அம்மா சொன்னாள். அந்த வீட்டில் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அது. திரும்பிப் பார்த்துச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முன்னறையில் மகள் தோளில் மணல் மூட்டையோடு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். தெருவைப் பார்த்த கதவு திறந்திருந்தது. வார்த்தை காதில் விழுந்ததும் முட்டிகள் தாமாகவே நெருங்கின. அப்படியே இன்னொரு முறை கீழே இறங்கினாள்.

மூட்டை விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அதனால்தான் அம்மா திரும்பினாள்.

மகள் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது தொடை இடுப்போடு சேரும் இடத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எழுந்திருக்க முடியலைம்மா."

"மூட்டைக்கே விழுந்துட்டா, நெருப்புல மாட்டினவனை எப்படித் தூக்கிட்டு வருவே? அவன்தான் உன்னைத் தூக்கிட்டு வரணும்" என்றார் சத்தம் கேட்டு வந்த அப்பா. லாரி ஓட்டுநர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மகள் சிரிக்காததைப் பார்த்துப் பயந்துபோய், அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

அவளுக்குத் தீயணைப்புப் படைத் தேர்வு அடுத்த மாதம். அவள் அண்ணன், வீட்டில் பெரியவன், முந்தைய வருடம் தேறி வேலையில் இருந்தான். தனக்கு என்னென்ன பயிற்சியோ அவ்வளவும் தங்கைக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். "பாதத்தை அகட்டி வை. வெளிப்பக்கமாத் திருப்பு. அப்பதான் நல்லா எறங்க வரும்" என்று அவன் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ அந்த வீட்டில் முன்னறையை விட்டால் இடமில்லை. முன்னறையில் ஒரு பெண் காலை அகட்டி உட்காரக் கூடாது.

சிறுவயதில் அவளும் அப்பாவைப் போல, அண்ணனைப் போல, இரண்டு பாதமும் வெளியே பார்க்கத்தான் நடந்தாள். மாடியில் குடியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒருநாள் சொன்னாள்: "பொட்டப்புள்ள இப்படி ஆம்பளை நடை நடந்தா நாளைக்கு எவன் வீட்டுல சேர்ப்பான்? இப்பவே திருத்து." அம்மா திருத்தினாள். படிக்க உட்காரும்போது முட்டி இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்தாள். தழும்பு விழக் கூடாதென்று பழைய தலையணை உறையைக் கிழித்து, மெத்தென்று மடித்துத்தான் கட்டினாள். பிள்ளை அழுதால் கூடவே உட்கார்ந்து கதை சொன்னாள். அந்தத் தெருவில் அவளைவிடப் பாசமான தாய் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

ஸ்கேன் எடுத்த பிறகு பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார்கள். அவள் மகளைக் குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, காலை ஒரு பக்கமும் மறுபக்கமும் மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பக்கம் தாராளமாகப் போனது. மறுபக்கம் சிறிது தூரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"இவங்க தொடை எலும்பே இப்படித்தாம்மா, வெளிப்பக்கம் திரும்பி இருக்கு. இடுப்புக் குழியில எலும்பு உட்கார்ற கோணம் ஆளுக்கு ஆள் மாறும். பாதத்தை அகட்டித் திருப்பி வெச்சா இவங்க நம்மளை விடச் சுலபமா உட்கார்ந்து எழுவாங்க. முட்டியைச் சேர்த்துக்கிட்டு, அதுவும் தோள்ல பாரத்தோட உட்கார்ந்தா, எலும்பு போய் குழியோட விளிம்புல இடிக்கும். இடிச்சு இடிச்சு விளிம்புச் சவ்வு கிழிஞ்சிருக்கு."

"அப்ப அது குறை இல்லீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"ஒருத்தருக்கு மூக்கு நீளம், ஒருத்தருக்குச் சப்பை. அது குறையா? வீட்டுல வேற யாராவது இப்படி நடப்பாங்களா?"

"இவ அப்பா. இவ அண்ணன்."

"அவங்களுக்கு வலி இருக்கா?"

"இல்லீங்க."

"இருக்காது. அவங்களைக் காலைச் சேர்த்து வைன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் மகளின் பக்கம் திரும்பினாள். "பயிற்சியை இப்படிச் செய்யச் சொல்லி யாரும்மா கத்துக்குடுத்தது?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்: "நானாத்தான் செஞ்சேன் மேடம். பார்க்க அழகா இருக்கும்னு."

அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வலி குறையும். சாதாரணமா நடக்கலாம், மாடி ஏறலாம். ஆனா ஆளைத் தோள்ல போட்டுத் தூக்கற வேலை வேணாம்மா. இனிமே எப்பவுமே வேணாம்."

மகள் தலையசைத்தாள். வரும் வழியெல்லாம் பேருந்தின் ஜன்னலோரம் முட்டியை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அத்தை காத்திருந்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, பொம்பளை ஒடம்பு இதுக்கெல்லாம் தாங்காதுன்னு."

அந்த நேரம் பெரியவன் சீருடையோடு உள்ளே வந்தான். "வாடா ராஜா. பாரேன், அச்சு அசல் எந்தம்பி நடை. சிங்கம் வர்ற மாதிரி இருக்கு."

அம்மா மகனின் பாதங்களைப் பார்த்தாள். இரண்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

"இவளும் இதே நடைதான் நடந்தா" என்றாள்.

"அதைத்தான் நல்லபடியா மாத்திட்டோமே."

"மாறலை அண்ணி. கிழிஞ்சிருக்கு."

அத்தைக்குப் புரியவில்லை. பெரியவனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி சொல்லி அனுப்பியிருந்தார்கள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இரண்டையும் இருபக்கமும் தானாக விழ விடவேண்டும். பலம் எதுவும் போடக் கூடாது.

மறுநாள் அம்மா வேலை முடிந்து வந்து பார்த்தபோது, மகள் உள்ளறையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தாள். போர்வைக்குள் முட்டிகள் ஒட்டி நின்றன.

"வலிக்குதாடி?"

"வலிக்கலைம்மா. விடத்தான் தெரியலை."

அம்மா பக்கத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தாள். முட்டியை மடக்கினாள். உடையை அடியில் செருகிக்கொண்டு இரண்டையும் விட்டாள். ஒரு முட்டி உடனே விழுந்தது. இன்னொன்று தயங்கித் தயங்கி விழுந்தது.

அப்பா அறை வாசற்படியில் வந்து நின்றார். "என்ன கோலம் இது? தோளுக்கு மேல வளர்ந்த பையன் வீட்டுல இருக்கான். எழுந்திரு."

அம்மா கூரையைப் பார்த்தபடி இருந்தாள். "பார்க்கப் பிடிக்கலைன்னா கதவைச் சாத்திட்டுப் போங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வேணாம்மா" என்றாள் மகள். "அப்பா பார்த்துட்டாரு."

போர்வைக்குள்ளிருந்து அவள் கை வந்து அம்மாவின் முட்டியைப் பிடித்து உள்பக்கமாக அழுத்தியது. வலிக்காமல், தழும்பு விழாமல், எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அம்மா விழுந்த இடத்திலிருந்து முட்டியை நகர்த்தவில்லை. அந்தக் கையும் விலகவில்லை.